எருமை இல்லாத எருமைத் தெரு

தோட்டத்து மக்களாகிய நமக்குச் சிங்கப்பூர் என்றால் தேக்கா. தேக்கா என்றால் நகைக்கடை, சேலைக்கடை, பூக்கடை. பாட்டி காலத்திலிருந்து இதுவே வழக்கம். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போவார்கள். தாலிக்கொடியும் கூறைச் சேலையும் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று செல்லுபடியாயின. இன்றோ அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடைய மூன்று ரிங்கிட்டுக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. "அங்கே போய் என்னத்தை வாங்குவது, டீச்சர்?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள்.

வாங்கப் போக வேண்டாம், நடக்கப் போங்கள் என்பதே என் பதில். நடப்பதற்குக் காசில்லை. சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரையும், அவர்களுடைய பெற்றோரில் சிலரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போய் வந்தேன். அந்த வழியை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஜோகூர் பாரு லார்க்கின் நிலையத்தில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினால், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து, குவீன் ஸ்திரீட் நிலையத்தில் கொண்டுபோய் விடும். பாலத்தின் இரு முனையிலும் இறங்கி, கடப்பிதழைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். குவீன் ஸ்திரீட்டிலிருந்து தேக்கா கால் மணி நேர நடை. வெயில் ஏறுமுன் போய்ச் சேருவது நல்லது.

பெயரில் மட்டும் மேயும் எருமைகள்

தேக்கா என்பது தமிழ்ச் சொல் அன்று. 'மூங்கிலடி' என்னும் பொருளில் ஹொக்கியன் சீனர்கள் இட்ட பெயர். மூங்கில் புதர்கள் நிறைந்த சதுப்பு நிலமாக இருந்த இடம் அது. சதுப்பு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் புல், புல் இருந்தால் மாடு. வட இந்தியரும் தமிழரும் இங்கே பட்டி போட்டு மாடு வளர்த்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் பெரிய அளவில் கால்நடை வியாபாரம் செய்தார். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

இன்று நாம் காணும் தேக்கா நிலையம் 1982இல் எழுந்தது. அதற்கு முன் இருந்த பழைய சந்தை சாலையின் எதிர்ப்புறத்தில், 1915இல் கட்டப்பட்டது. அதன் பெயர் காண்டாங் கெர்பாவ் சந்தை. மலாய் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை, எருமைப் பட்டி. பக்கத்தில் இருந்த மகப்பேற்று மருத்துவமனைக்கும் அதே பெயர்தான். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் அது உலக சாதனையாகப் பதிவாயிற்று. 1997இல் மருத்துவமனை அருகில் உள்ள புதிய கட்டடத்துக்கு மாறியபோதும் எருமையை விடவில்லை. இன்றும் 'கே.கே.' என்றே சிங்கப்பூர்க்காரர்கள் சொல்லுகிறார்கள்.

தேக்கா நிலையத்தை ஒட்டியே பஃபலோ ரோடு, அதாவது எருமைத் தெரு. இரு பக்கமும் காய்கறிக் கடைகள். வாழைப்பூ, முருங்கைக்கீரை, பச்சை மொச்சை, மல்லிகைச் சரம். நாங்கள் போன காலை வேளையில் கறிவேப்பிலை வாசம் தெருவையே தூக்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் எங்கள் பையன் ஒருவன் தெருப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்:

"டீச்சர், எருமைத் தெருன்னு போட்டிருக்கு. எருமை எங்கே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனைத் திருப்பிக் கேட்டேன்: "நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு என்ன?"

தோட்டத்தின் பெயரைச் சேர்த்துப் பள்ளியின் முழுப்பெயரையும் சொன்னான்.

"தோட்டம் எங்கே?"

அவன் பதில் பேசவில்லை. எங்கள் பள்ளியைச் சுற்றி இன்று பால்மரம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவை இணைவீடுகளும் ஒரு பேரங்காடியும்தான். தோட்டத்தை விற்று, லயங்களை இடித்து, அவன் பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் நிற்கிறது. நாட்டில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளின் கதை இதுதான்.

"எருமை போயிட்டாலும் பேரு இருக்குல்ல, டீச்சர்" என்றான் அவன் கொஞ்ச நேரம் கழித்து. அன்றைய பாடம் அவ்வளவுதான். மீதி வழியெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே பலகைகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

மிட்டாய்க்காரர் வீடு

அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. அதுவும் எருமைதான், மலாயில். இங்கே வானவில்லைக் கரைத்துப் பூசியது போன்ற ஒரு வீடு இருக்கிறது. 1900இல் டான் டெங் நியா என்னும் சீன வணிகர் கட்டியது. எட்டு அறைகள். இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் சீன மாளிகை இது ஒன்றுதான். அவர் மிட்டாய் ஆலைகள் வைத்திருந்தவர். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தும் புகைக்கூடம் ஒன்றும் அவருக்கு இருந்தது. கரும்புச் சக்கையையே விறகாக எரித்தார்களாம்.

இதைக் கேட்டதும் எங்களோடு வந்திருந்த ஒரு மூதாட்டியின் முகம் மலர்ந்தது. முப்பது ஆண்டு பால்வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டு, மங்கு, வாளி, ஸ்டோர் என்று வாழ்ந்தவர். "அப்ப நம்ம சீட்டு ரப்பர் இங்கேயும் வந்திருக்கும்" என்றார். வந்திருக்கலாம். தீபகற்பத்து ரப்பர் கப்பலேறிய துறைமுகங்களில் சிங்கப்பூரே தலையாயது. பெண்கள் சேலை பார்க்க வந்த அதே ஊருக்கு, அவர்கள் வெட்டிய பாலும் தகடாகி வந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணாடிக்குள் தங்கம்

சிராங்கூன் சாலையிலும் பஃபலோ ரோட்டிலும் வரிசையாக நகைக்கடைகள். '916' என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன், மீதி செம்பு போன்ற உலோகம் என்பது அதன் பொருள். நம் பாட்டிகள் சொல்லும் இருபத்திரண்டு காரட் அதுவே.

இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்குத் தங்கத்தின் கதையையும் சொன்னேன். தமிழர்கள் தங்கம் வெட்டிய ஊர் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், பாறை சூடு தாளாத இருட்டில் இறங்கி வேலை செய்தார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளைப் பார்த்தால் நம் லயம் நினைவுக்கு வரும். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது சில கிராம் பொன்தான். ஒரு பவுன் என்பது எட்டு கிராம். அம்மாவின் கழுத்தில் தொங்கும் தாலிக்குப் பின்னால் எத்தனை வண்டிப் பாறை என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது.

நம் நாட்டிலும் பகாங்கில் உள்ள ரவுப், தங்கத்தால் வளர்ந்த ஊர். 1889இல் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலேயே பல்லாரட்டிலிருந்து பெண்டிகோ வரை, பழைய தங்கவயல்களின் ஊடாக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நடைவழி அமைத்திருக்கிறார்கள். தங்கம் போன பிறகும், அதைத் தோண்டியவர்கள் நடந்த தடத்தைப் பார்க்க மக்கள் போகிறார்கள். உழைத்தவனின் தடத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

சிராங்கூன் சாலைக்கும் 2017இல் சிங்கப்பூர் மரபுடைமைக் கழகம் இப்படியொரு மரபு நடைவழி வகுத்திருக்கிறது. அதில் மூன்று பாதைகள். 1989இலேயே இந்த வட்டாரத்துப் பழைய கடைவீடுகளை இடிக்காமல் பாதுகாக்க அரசு ஆணையிட்டது. அதனால்தான் இன்றும் அந்த ஐந்தடி நடைபாதையில் தூண்களுக்கு இடையே நாம் நடக்க முடிகிறது.

ஒரு பள்ளிவாசலும் ஒரு கண்காட்சியும்

சாலையைக் கடந்தால் கேம்பல் லேன். தீபாவளிக்கு முன் இந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. இங்கே 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கையில் காசு மிஞ்சினால் உள்ளே போய்ப் பாருங்கள், மிஞ்சாவிட்டாலும் கவலையில்லை. வெளியே தெருவே ஒரு கண்காட்சி.

இன்னும் சில அடி நடந்தால் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். 1859இல் இந்த இடத்தில் மரத்தால் ஆன பள்ளிவாசல் இருந்தது. ஒரு சட்ட நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர் என்பவரின் முயற்சியால் 1907இல் இன்றைய கட்டடம் தொடங்கியது. வாசலுக்கு மேலே சூரியக் கதிர் போன்ற ஒரு வட்டம். அதில் 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் பொறித்திருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களும், பக்கத்துப் பந்தயத் திடலில் குதிரை பார்த்துக்கொண்ட பாவியன் மக்களும் தொழுத இடம் இது. எழுத்தர் ஒருவர் முன்னின்று எழுப்பிய கட்டடம், 1979இல் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று.

சுண்ணாம்புக் கம்பம்

மறுபடி சிராங்கூன் சாலைக்கு வந்து வடக்கே நடந்தால் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். 1881ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட கோயில். இதற்குப் பழைய ஆட்கள் வைத்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்'. சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்தப் பெயர். ஜப்பானியர் குண்டு போட்ட நாட்களில் அக்கம்பக்கத்து மக்கள் இந்தக் கோயிலுக்குள் ஓடி வந்து அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலும் அவர்களும் தப்பினார்கள்.

சுண்ணாம்பு யாருக்கு? சிங்கப்பூரைக் கட்டுவதற்குத்தான். சுண்ணாம்பு சுட்டவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது என் குரல் சற்று மாறிவிடும். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னால் வங்காளத்தவர்களும் வந்தார்கள். 1873 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பில் சாலைகள் போட்டார்கள், சதுப்பு தூர்த்தார்கள், செங்கல் அறுத்தார்கள், சுண்ணாம்பு சுட்டார்கள். இன்று சிங்கப்பூர் அதிபரின் மாளிகையாக இருக்கும் இஸ்தானா அவர்கள் கட்டியது. 1856இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதே.

அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு சொல்லத்தக்கது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினால் பளிங்கு போல மின்னும். ஆங்கிலேயர்கள் அதை 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே அழைத்தார்கள். நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம் தேவாலயச் சுவரில் ஏறி நிற்கிறது. அவன் பெயர் அங்கே இல்லை.

"கைதின்னா தப்பு செஞ்சவங்கதானே, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். செய்திருக்கலாம். வெள்ளைக்காரனின் சட்டம் எதைத் தப்பு என்றது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். எப்படியானாலும், அவர்கள் போட்ட சாலையில் நாம் நடந்துகொண்டிருந்தோம்.

கோயிலுக்கு எதிரே ஒரு தெருவின் பெயர் வீராசாமி ரோடு. டாக்டர் வீராசாமி என்னும் நம்மவர் பெயர். கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசி என்று துரைமார் பெயர்களாகப் படித்துக்கொண்டு வந்த பிள்ளைகள், இதைப் பார்த்ததும் ஒருவரையொருவர் தட்டிக் காட்டிக்கொண்டார்கள்.

பெருமாள் கோயிலும் பந்தயத் திடலும்

இன்னும் சற்று நடந்தால் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். 1855இல் தோன்றியது, 1978இல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. தைப்பூசத்தன்று காவடிகள் இங்கிருந்துதான் புறப்பட்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைச் சேரும். பெருமாள் கோயிலிலிருந்து மருமகன் கோயிலுக்கு நடை! இந்தக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர்களில் பி. கோவிந்தசாமிப் பிள்ளை முதன்மையானவர். வெறுங்கையோடு கப்பலில் வந்து, இதே சாலையில் கடை வைத்து உயர்ந்தவர். பி.ஜி.பி. கடை என்றால் நம் பாட்டிமாருக்குத் தெரியும்.

கோயிலுக்குப் பின்பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோடு. இப்போது அங்கே குதிரை கிடையாது. 1840களில் தொடங்கிய குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறிவிட்டது. இந்தத் திடலில்தான் 1911 மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. ஓட்டியவர் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜியர்.

அதைவிடப் பெரிய நாள் ஒன்றும் இந்த ஃபாரர் பார்க் திடலுக்கு உண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் படையில் இருந்த சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை இங்கே கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்துக்கு அந்தத் திடலில்தான் வித்து விழுந்தது. 1943 ஜூலையில் நேதாஜி இதே நகரத்தின் கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார். ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் நம் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த பெண்கள். வாளி தூக்கிய கையில் துப்பாக்கி பிடித்தவர்கள். உங்கள் உறவிலேயே அப்படி ஒரு பாட்டி இருந்திருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

நண்பகலுக்குப் பின் தேக்காவுக்குத் திரும்பினோம். ஞாயிறு என்பதால் தெருவெங்கும் ஆண்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். வாரம் ஒரு நாள் ஊருக்குப் பணம் அனுப்ப, முடிவெட்ட, காய்கறி வாங்க, நண்பனைப் பார்க்க இங்கே வருகிறார்கள். கூட்டத்தைக் கண்டு எங்களோடு வந்த பெண்களில் சிலர் பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள்.

புல்தரையில் உட்கார்ந்து பசியாறியபோது பக்கத்தில் இருந்த ஒரு தொழிலாளி எங்கள் பையனைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"ஜோகூர்."

"அது சரி, பூர்வீகம் எது?"

பையன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. அவன் தந்தையும் உடன் இருந்தார். அவருக்கும் தெரியவில்லை. "சேலம் பக்கம்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார் தயங்கித் தயங்கி. அந்தத் தொழிலாளி புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். ரயில் சுரங்கப்பாதை தோண்டும் வேலையாம். வந்து ஆறு வருடம், ஊருக்குப் போனது இரண்டே முறை. கைபேசியில் தன் மகளின் படத்தைக் காட்டினார். "இவ பிறந்தப்ப நான் இங்கே மண்ணுக்கு அடியில இருந்தேன், டீச்சர்" என்று சிரித்தார்.

அன்று சுண்ணாம்பு சுட்டவன், நம் தோட்டத்தில் காடு வெட்டியவன், இன்று சுரங்கம் தோண்டுகிறவர், மூவரும் ஒரே வழியில் வந்தவர்களே. நம் தாத்தாவும் ஒருநாள் இப்படித்தான் அந்நிய மண்ணில் யாரோ ஒதுங்கி நடக்க, மூட்டையோடு நின்றிருப்பார். எழும்போது எங்கள் பெண்கள் தூக்குச் சட்டியில் மீந்திருந்த புளிச்சோற்றை அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் கொடுத்தார்கள்.

பால்மரத்தின் தாய்வீடு

கால் வலிக்காதவர்கள் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயில் ஏறினால் ஒரே நிறுத்தத்தில் டோபி காட். நம் வண்ணார்கள் ஆற்றில் துணி வெளுத்த படித்துறை அது. இன்று நிலத்துக்கு அடியில் பெரிய ரயில் சந்திப்பு. ஆறும் வெளுப்பும் போய், பெயர் மட்டும் ரயிலில் ஒலிக்கிறது.

இன்னொரு பாதையில் மூன்று நிறுத்தம் போனால் பூமலை. 1859இல் அமைத்த தாவரவியல் பூங்காவை அங்கே உள்ள தமிழர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். நுழைவு இலவசம். 2015இல் உலக மரபுச் சின்னமானது. தோட்டத்து மக்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. இங்கே நட்டவை வளர்ந்து விதை தந்தன. 1888இல் பூங்காவின் இயக்குநராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, நாள்தோறும் அதே வெட்டைப் புதுப்பித்துப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் முதன்முதலாகத் தோட்டமாகவே நட்டார். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். காடு அழிந்தது, ரப்பர் எழுந்தது, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தார்கள். நம் பாட்டன்மாரைக் கடல் கடத்திக் கொண்டுவந்த மரம் இங்கிருந்துதான் கிளம்பியது.

பூங்காவில் இன்றும் நிற்கும் ஒரு ரப்பர் மரத்தின் பட்டையில் எங்கள் மூதாட்டி கையை வைத்துப் பார்த்தார். எங்கே வெட்டுக் கோடு இழுக்க வேண்டும், எந்தச் சாய்வில் உளி பிடிக்க வேண்டும் என்று விரலாலேயே பிள்ளைகளுக்குக் காட்டினார். ரப்பரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்று கேட்டார்கள். நான் வகுப்பில் ஒரு மாதம் நடத்தியிருந்தாலும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

போகிறவர்கள் தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் குடையும் கட்டாயம். கோயிலிலும் பள்ளிவாசலிலும் நடைக்கும் தொழுகைக்கும் உரிய நேரம் பார்த்து நுழையுங்கள். தேக்காவிலிருந்து பெருமாள் கோயில் வரை நேரே நடந்தால் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். நின்று பார்த்து நடந்தால் அரை நாள் வேண்டும்.

திரும்பி வந்ததும் ஒன்று செய்யுங்கள். சிங்கப்பூரில் எருமை போனாலும் பெயரைப் பலகையில் எழுதி, அதற்கு விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்களுக்குப் பலகை வைக்க யாரும் வரவில்லை. ஆகவே நாமே எழுதிக்கொள்வோம். ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து, நீங்கள் பிறந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், கோயிலின் பெயர், தாத்தா வந்த ஊர், பாட்டி வந்த ஊர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சேலம் பக்கம் என்பது எந்தக் கிராமம் என்று தெரிந்துகொள்ள, அந்தப் பையன் தன் பெரிய பாட்டியைப் பார்க்கக் குளுவாங்குக்குப் போயிருக்கிறான்.